சீலிங்கில் துளை போடுவதற்கு முன்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பினாங்கின் சுங்கை பினாங் பக்கத்துப் பழைய தரை வீடுகளில் ஏணி ஏறிவிடும். கூடத்துக்குப் புதுச் சாயம், சீலிங்கில் வட்ட விளக்கு, ஏர்கோன் குழாய்க்கு ஒரு துளை. இவற்றில் எதுவும் தவறான வேலை இல்லை. ஆனால் அந்தச் சீலிங் 1960-களிலோ 70-களிலோ அடித்த சாம்பல் நிறச் சிமெண்டுப் பலகை என்றால், துளையிடும் இயந்திரத்தைச் செருகும் முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அதில் கல்நார் இருக்கிறதா? ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் சொல்வதற்குத் தமிழில் உள்ள பெயர் அதுதான். கல்லில் கிடைக்கும் நார்.

என் சித்தி வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. பன்னிரண்டு விளக்குக்குப் பன்னிரண்டு துளை. வட்ட ரம்பம் சுற்றச் சுற்ற, மாவு சலித்ததுபோல் வெள்ளைத் தூள் இறங்கியது. கீழே சோபா, சாமி மேடை, மடித்து வைத்த குழந்தைத் துணி. "சிமெண்டுதான் அக்கா, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு, வேலைக்கு வந்த தம்பி துடைப்பத்தை எடுத்தார். மறுநாள் நான் போனபோது வெட்டி எடுத்த ஒரு வட்டத் துண்டைச் சித்தி கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் விளிம்பில், நனைந்த பூனை முடிபோல, வெளிறிய இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். வெள்ளைக் கல்நார் என்று வந்தது.

அந்த வீட்டை நினைத்துத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். சீலிங்கைப் பார்த்துப் பயந்து வீட்டை விட்டு ஓட வேண்டாம். ஆனால் என்னவென்று தெரியாமல் அதில் கை வைக்கவும் வேண்டாம்.

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

கல்நார் சும்மா இருக்கும்போது யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அதை அறுத்தால், துளையிட்டால், உடைத்தால், தேய்த்தால், உலர்ந்த தூளைப் பெருக்கினால், கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் ஏறுகின்றன. மூச்சோடு நுரையீரலுக்குள் போன இழை எளிதில் கரைவதில்லை. கல்நார் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா ஆகியவை இதனால் வரக்கூடியவை. பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்துத்தான் நோய் தலைகாட்டும். வெள்ளை, பழுப்பு, நீலம் என்று எந்த வகையாக இருந்தாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

கூரை ஷீட்டிலும் சீலிங் பலகையிலும் பெரும்பங்கு சிமெண்டு. கல்நார் பொதுவாகப் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு இருக்கும். சிமெண்டு அதை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடியைக் குலைக்காமல் இருப்பதுதான் நம் வேலை.

வெளிநாட்டு வீடு வேறு, நம் வீடு வேறு

கைப்பேசியில் வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பலர் சீலிங்குக்கு மேல் கிடக்கும் பஞ்சைக் கண்டு கலங்குகிறார்கள். அந்தப் பயத்துக்குப் பின்னால் உண்மைக் கதைகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1968 முதல் 1979 வரை வீட்டுக் கூரைகளுக்குள் உதிரிக் கல்நாரையே பஞ்சுபோல் ஊதி நிரப்பினார்கள். பிற்காலத்தில் அப்படிப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அரசாங்கமே வாங்கி இடிக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் லிப்பி என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட் மணிகளில் கல்நார் கலந்திருந்தது. அதையும் வீட்டுப் பரண்களில் கொட்டினார்கள்.

அவை குளிருக்கு அடக்கமாகக் கட்டிய வீடுகள். பினாங்கில் குளிரைத் தடுக்க யாரும் கூரைக்குள் எதையும் நிரப்பவில்லை. இங்கே சீலிங்குக்கு மேல் பஞ்சு இருந்தால், அது வெயிலுக்காகப் பிற்காலத்தில் போட்ட கண்ணாடிப் பஞ்சாகவோ கல்பஞ்சாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அது தோலை அரிக்கும், கண்ணை உறுத்தும், ஆனால் கல்நார் அல்ல. கூரைக்கடியில் விரிக்கும் வெள்ளித் தாளும் கல்நார் அல்ல. ஆகவே நீங்கள் சந்தேகப்பட வேண்டியது பஞ்சை அல்ல, பலகையை. தட்டைச் சீலிங் பலகை, பின்கட்டுச் சமையலறை மேல் உள்ள அலை ஷீட், கூரை விளிம்பை மூடிய பலகை, சீலிங்குக்குள் இருக்கும் பழைய சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி, பழைய மின்பெட்டிக்குப் பின்னால் வைத்த அட்டை.

தொடாமல் பார்ப்பது எப்படி

காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள். பத்து மணிக்கு மேல் பினாங்கு வெயிலில் சீலிங்குக்குள் தலையை நீட்டினால், கல்நாருக்கு முன்பே மயக்கம் வந்துவிடும்.

1. வீட்டின் வயதைக் கேளுங்கள். முதலில் கட்டிய ஆண்டு, பின்கட்டை நீட்டிய ஆண்டு, சீலிங் மாற்றிய ஆண்டு. மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு, வீட்டுப் பத்திரத்தில் இல்லாததும் தெரிந்திருக்கும்.

2. கீழிருந்தே பாருங்கள். சதுரம் சதுரமாக ஆணி அடித்து, இணைப்பு தெரியாமல் மேலே மரச்சட்டம் ஓட்டியிருந்தால் அது பழைய பலகைச் சீலிங். நீர்க்கறை, விரிசல், தொங்கும் மூலை எங்கெங்கே என்று தாளில் குறியுங்கள்.

3. சீலிங்கில் ஏறும் வாய் ஏற்கெனவே இருந்தால், ஏணியில் நின்று கைவிளக்கு அடித்துப் பாருங்கள். உள்ளே ஏறாதீர்கள். பலகையின் மேல்பக்கத்தில் அச்சிட்ட எழுத்து இருக்கலாம். கல்நார் இல்லை என்ற முத்திரை தெளிவாக இருந்தால் அந்தப் பலகையைப் பற்றிய கவலை அநேகமாகத் தீர்ந்தது. எழுத்தே இல்லாவிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

4. படம் எடுங்கள். பிறகு வாயை மூடிவிட்டு இறங்குங்கள்.

கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. மரநார் கலந்த இன்றைய சிமெண்டுப் பலகையும் பழைய கல்நார்ப் பலகையும் சாயத்துக்குக் கீழே அண்ணன் தம்பி போல இருக்கும். தட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்று வரும் குத்தகையாளரை நம்பாதீர்கள். வீடு அவ்வளவு பழையது இல்லை என்பதும் போதுமான சாட்சி ஆகாது. சிங்கப்பூர் 1980-களின் இறுதியிலேயே கட்டடங்களில் கல்நாரை நிறுத்திவிட்டது. மலேசியாவில் 1986-இல் வந்த விதிமுறைகள் வேலையிடங்களில் கல்நாரைக் கையாள்வதைக் கட்டுப்படுத்தின, நீலக் கல்நாரை விலக்கின. வெள்ளைக் கல்நாருக்கு முழுத் தடை வரவில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அந்தத் தடையைப் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறது.

கூரை மேல் ஏறாதீர்கள்

இதற்குத் தனித் தலைப்பே வேண்டும். பழைய அலை ஷீட் பார்க்கக் கல்போல இருக்கும். வெயிலும் மழையும் தின்ற பிறகு அப்பளம்போல நொறுங்கும். கல்நார் நோய்க்குப் பல பத்தாண்டுகள் தேவைப்படும். ஷீட் உடைந்து சிமெண்டுத் தரையில் விழுந்தால் அன்றைக்கே உயிர் போகலாம். பூனையை இறக்க, பந்தை எடுக்க, ஒழுகும் இடத்தில் தார் பூச என்று எதற்காகவும் அதன்மேல் காலை வைக்காதீர்கள். ஆணி வரிசைமேல் நடந்தால் தாங்கும் என்பார்கள். துருப்பிடித்த ஆணியைச் சுற்றித்தான் ஷீட் முதலில் வெடிக்கிறது.

மாதிரி எடுத்துச் சோதிப்பது

பலகை முழுதாக இருந்து, அதில் எந்த வேலையும் செய்யப் போவதில்லை என்றால் சோதனைகூடத் தேவையில்லை. கல்நார் இருப்பதாகவே வைத்துக்கொண்டு தொடாமல் விட்டுவிடுங்கள். செலவில்லாத வழி அதுதான், பெரும்பாலான வீடுகளுக்குச் சரியான வழியும் அதுதான். வேலை செய்யத்தான் வேண்டும், அல்லது பலகை ஏற்கெனவே உடைந்திருக்கிறது என்றால் சோதியுங்கள்.

முதலில் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் பேசுங்கள். கேட்க வேண்டியவை இரண்டு. கட்டடப் பொருளில் கல்நார் கண்டறியும் சோதனைக்கு அவர்களுக்கு மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டமான சாமின் அங்கீகாரம் இருக்கிறதா? எத்தனை மாதிரி, எந்த அளவில் வேண்டும்? மாதிரி எடுக்க ஆளையே அனுப்புவார்கள் என்றால் அதற்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. நீங்களே எடுப்பதாக இருந்தால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்:

1. குழந்தைகளையும் மற்றவர்களையும் வெளியே அனுப்புங்கள். காற்றாடியையும் ஏர்கோனையும் நிறுத்துங்கள். சன்னல்களை மூடுங்கள்.

2. மெயின் சுவிட்சை அணையுங்கள். நனைக்கப் போகிறீர்கள், பலகைக்கு மேல் பழைய மின்கம்பி ஓடுகிறது.

3. கீழே பிளாஸ்டிக் விரிப்புப் போடுங்கள். கையுறை, கழற்றி எறியக்கூடிய மேலுடை, முகத்தோடு ஒட்டும் வடிகட்டி முகமூடி அணியுங்கள். பி100 வடிகட்டி பொருத்திய அரைமுகக் கவசம் நல்லது. மருத்துவமனை நீல முகமூடி இதற்கு உதவாது. கைக்குட்டையும் உதவாது. தாடி இருந்தால் எந்த முகமூடியும் சரியாக ஒட்டாது.

4. தெளிப்பான் புட்டியில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு சில துளிகள் விடுங்கள். ஏற்கெனவே உடைந்த ஒரு விளிம்பை நன்றாக நனைத்து, சில நிமிடம் ஊறவிடுங்கள். சோப்பு இல்லாத தண்ணீர் பலகைக்குள் சீக்கிரம் இறங்காது.

5. குறடால் ஐம்பது சென் நாணய அளவுக்கு ஒரு துண்டு கிள்ளி எடுங்கள். ரம்பம் வேண்டாம், துளையிடும் இயந்திரம் வேண்டவே வேண்டாம்.

6. துண்டைச் சிறு ஜிப் பையில் போட்டு மூடி, அதை இன்னொரு பைக்குள் போடுங்கள். எந்த அறை, எந்தத் தேதி என்று எழுதுங்கள்.

7. கிள்ளிய இடத்தை ஈரத் தாளால் துடைத்து, சாயமோ வெள்ளைப் பசையோ தடவி அடையுங்கள். தாள், கையுறை, மேலுடை, விரிப்பு எல்லாவற்றையும் நனைத்து ஒரே பையில் கட்டுங்கள். முகமூடியைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும். பிறகு குளியுங்கள்.

கூடத்துக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று என்று வெவ்வேறு காலத்துப் பொருளுக்கு வெவ்வேறு மாதிரி எடுங்கள். முன்கூடத்தில் இல்லை என்று வந்த முடிவு, பத்தாண்டு கழித்து நீட்டிய சமையலறைக்குப் பொருந்தாது.

இருக்கிறது என்று வந்தால்

பலகை நன்றாக இருந்தால் அப்படியே விட்டு, மேலே சாயம் பூசுங்கள். சாதாரண எமல்ஷன் சாயம் போதும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சாயத்துக்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, பழைய சாயத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத் துணியால் மெல்ல ஒற்றி, காயவிட்டுப் பூசுங்கள். சாயம் அடிக்க வருபவரிடம் இதைக் காலையிலேயே சொல்லுங்கள். தேய்த்தால்தான் சாயம் பிடிக்கும் என்பது அவர் கற்ற தொழில். சொல்லாமல் விட்டால் அவர் தேய்த்துவிடுவார், அவர்மேல் பழி சொல்ல முடியாது.

புதுச் சீலிங் வேண்டுமென்றால் பழையதைக் கழற்றாமல் அதற்குக் கீழே தனிச் சட்டம் அடித்துப் புதுப் பலகை போடலாம். சட்டத்தைச் சுவரிலும், சீலிங்குக்குக் கீழே தெரியும் உத்திரத்திலும் மாட்ட வேண்டும், பழைய பலகையில் ஆணி இறங்கக் கூடாது. வட்ட விளக்குகள் புதுப் பலகையில் இருக்கட்டும். சித்தி வீட்டில் கடைசியில் இப்படித்தான் செய்தோம். அறை நான்கு விரற்கடை தாழ்ந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

கூரை ஷீட்டில் பாசி பிடித்திருந்தால் அழுத்தத் தண்ணீர்ப் பீய்ச்சியைக் கொண்டு வராதீர்கள். மேல்தோல் சிமெண்டு கழன்று, நாரோடு சேர்ந்த குழம்பு உங்கள் சாக்கடைக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் போகும்.

புயலும் வெள்ளமும் வந்த பிறகு

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு கண்ட மழையையும் வெள்ளத்தையும் சுங்கை பினாங் மக்கள் மறக்க மாட்டார்கள். அதுபோன்ற காற்று மழைக்குப் பின் தெருவில் குவியும் குப்பையில் உடைந்த அலை ஷீட்டும் ஊறித் தொங்கும் சீலிங்கும் இருக்கக்கூடும். ஈரமாக இருக்கும் வரை அவற்றால் ஆபத்து குறைவு. காய்ந்த பிறகு பெருக்கும்போதுதான் நார் காற்றில் எழும். ஆகவே வெள்ளம் வடிந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள்:

1. காய்ந்துபோன துண்டுகளை மறுபடி நனையுங்கள்.

2. துண்டுகளை உடைக்காமல் பொறுக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி நாடா ஒட்டுங்கள். மேலே என்னவென்று எழுதுங்கள்.

3. மிஞ்சிய தூளை ஈரத் துணியால் வழித்தெடுங்கள். துணியை அலசித் திரும்பப் பயன்படுத்தாமல் அதே பொதியில் போடுங்கள். துடைப்பம் வேண்டாம். வீட்டுத் தூசி உறிஞ்சியும் வேண்டாம். அதன் வடிகட்டியைத் தாண்டி நுண்ணிழை பின்பக்கமாக அறை முழுக்கப் பரவும்.

4. ஆற்றில் தள்ளாதீர்கள். கோழிக் கூண்டுக்கும் பூச்செடி வேலிக்கும் சாக்கடை மூடிக்கும் எடுத்து வைக்காதீர்கள். நம் கம்பங்களில் நல்ல மனத்தோடு செய்யும் சிக்கனம் இது. பத்தாண்டு கழித்து அந்தத் துண்டைச் சுத்தியலால் உடைப்பது உங்கள் பேரனாக இருக்கலாம்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால்

இதை நீங்களே செய்ய வேண்டாம். கல்நார் அகற்றிப் பழகிய குத்தகையாளரைத் தேடி, அவர் இந்தக் கேள்விகளுக்கு என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். ஷீட்டை முழுதாக இறக்குவீர்களா, உடைத்தா? எதைக் கொண்டு நனைப்பீர்கள்? ஆட்களுக்கு எந்த முகமூடி? கழிவு எங்கே போகும், அதற்குத் தாள் தருவீர்களா? "லோரியில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டிடுவோம் அண்ணே" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். கல்நார்த் தூளும் நாரும் சேறும் 2005-ஆம் ஆண்டுக் கழிவு விதிமுறைகளில் எஸ்.டபிள்யூ. 201 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாக உள்ளன. சாதாரணக் கட்டடக் கழிவோடு சேர்க்கக் கூடாது. உங்கள் ஷீட்டுகளை எப்படி, யார் மூலம் அனுப்புவது என்று சுற்றுச்சூழல் துறையான ஜாபாத்தான் ஆலாம் செக்கித்தாரிடம் வேலைக்கு முன்பே கேளுங்கள். கூரையை மாற்றுவதற்கான அனுமதியைப் பினாங்கு மாநகர் மன்றத்தில் விசாரியுங்கள்.

வரிசை வீடு என்றால் இரு பக்கத்து வீட்டாருக்கும் முதல் நாளே சொல்லுங்கள். அன்று அவர்கள் சன்னலை மூடி, துணி காயப் போடாமல் இருக்க வேண்டும். சில பழைய வரிசைகளில் சீலிங்குக்கு மேல் நடுச்சுவர் கூரை வரை எழும்புவதில்லை. உங்கள் தூசி அவர்கள் தலைக்கு மேல் போய் நிற்கும்.

வேலைக்கு வரும் ஆட்களைப் பற்றியும் யோசியுங்கள். நீங்கள் இந்தத் தூளை ஒரு நாள் சுவாசித்திருக்கலாம். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த அந்த இளைஞர்கள் வீடு வீடாக, ஆண்டு முழுக்கச் சுவாசிக்கிறார்கள். முகமூடி வாங்கும் செலவை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோவின் சட்டத்தில் உள்ள தொழில்நோய்ப் பட்டியலில் கல்நாரால் வரும் நோய்கள் உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்திருக்கிறார்கள். உங்கள் குத்தகையாளர் அவர்களைப் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஏற்கெனவே சுவாசித்துவிட்டேனே

இந்த அத்தியாயத்தைப் படிக்கும் பாதிப் பேருக்கு இந்தப் பயம் இருக்கும். சித்திக்கும் இருந்தது, இரண்டு இரவு தூங்கவில்லை. ஒரு நாள் துளையிட்ட தூளால் நோய் வரும் வாய்ப்பு மிகச் சிறியது. நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்காகக் கல்நாரோடு வேலை செய்தவர்கள், அல்லது அவர்களின் தூசி படிந்த துணியைத் துவைத்த வீட்டார். மறுநாளே எக்ஸ்ரே எடுப்பதில் பயன் இல்லை, அதில் ஒன்றும் தெரியாது. மருத்துவரிடம் சொல்லி, தேதியையும் நடந்ததையும் உங்கள் மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். புகைபிடிப்பவர் நிறுத்துங்கள். கல்நாரும் புகையும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு ஏறுகிறது. கட்டடத்திலோ கப்பல் பட்டறையிலோ கொதிகலன் அருகிலோ பல ஆண்டு வேலை பார்த்தவருக்கு மூச்சிரைப்போ விடாத இருமலோ இருந்தால், அந்த வேலை வரலாற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கடைசி வேலை

எல்லாம் முடிந்ததும் ஒரு தாளில் எந்த அறைச் சீலிங், எந்தக் கூரை, சோதித்த தேதி, முடிவு ஆகியவற்றை எழுதுங்கள். அதன் கீழே பெரிய எழுத்தில் தமிழிலும் மலாயிலும்: "கல்நார் உள்ளது, துளை போடாதே. ஆவாஸ் அஸ்பெஸ்தோஸ், ஜாஙான் தெபுக்." மலாய் வரியை ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள், வேலைக்கு வருபவர் படிக்க வேண்டுமே. பிளாஸ்டிக் உறையில் போட்டு, மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ஏணியோடு வரும் எவரும் மெயின் சுவிட்சை அணைக்க முதலில் திறப்பது அந்தக் கதவைத்தான். வீட்டை வாடகைக்கு விட்டாலும் விற்றாலும் தாள் அங்கேயே இருக்கட்டும். இன்னொரு பிரதியை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.